காகம் சாப்பிட்ட பிறகும்

"ஒரு கிழமையா இந்த வீட்டில அடுப்பு மூட்டேல்ல," என்றாள் நகுலேஸ்வரி. கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். மீதிப் பாதியில் அவளே நின்றாள். "மனிசன் செத்தோ உயிரோடயோ தெரியாமல் கிடக்கிறன். வாசலைத் தாண்டேல்ல. ஒரு தேத்தண்ணி தரவும் வழியில்லை, குறை நினைக்காதேங்கோ."

"அதுக்கென்னக்கா. நாங்கள் தேத்தண்ணிக்கு வரேல்ல," என்றாள் கஜந்தினி.

லதீசன் தேத்தண்ணிக்கும் சேர்த்துத்தான் வந்திருந்தான். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசற்படியில் நின்று அவனால் செய்யக்கூடியது ஒன்றுதான். மூக்கை உள்ளே அனுப்பினான். அது போன வேகத்தில் ஒரு செய்தியோடு திரும்பி வந்தது. கஜந்தினியின் பார்வையோ கதவடியில் கழற்றி வைத்திருந்த சப்பாத்துகளில் நின்றது.

"சரியக்கா, நாங்கள் இப்ப பார்க்குக்குத்தான் போறம்," என்று கஜந்தினி வேண்டுமென்றே குரலை உயர்த்திச் சொன்னாள். "மதிலோரமா ஒரு அடி விடாமல் பாக்கிறதா இருக்கிறம்."

கதவு சாத்தப்பட்ட வேகத்தைப் பார்த்தால் குளிர்காற்றுக்குப் பயந்து சாத்தியது போல இல்லை.

கஜந்தினி பத்து வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருந்து, உடையாத காலுக்குக் கட்டுப் போட்டு வருகிறவர்களைப் பிடித்தவள். இப்போது ஸ்ட்ரெதத்தில் ஒரு சலூனுக்கு மேலே அறை எடுத்து, காணாமற்போனவர்களைத் தேடிக் கொடுக்கிறாள். லதீசன் அவளுக்கு உதவியாளன், சாரதி, தலையிடி மூன்றும். டென்மார்க்கில் பதினைந்து வருடம் பேச ஆளில்லாமல் மூடி வைத்திருந்த வாயை ஹீத்ரோவில் திறந்தவன், இன்னும் மூடவில்லை.

காணாமற்போனவர் யோகராஜா. வீடு திருத்தும் ஒப்பந்தக்காரர், தமிழர் நடைச் சங்கத்தின் தலைவர். போன சனிக்கிழமை சங்கத்து ஆட்கள் நாற்பத்திரண்டு பேர் ஒரு கோச் பிடித்து ரிச்மண்ட் பார்க்குக்கு நடக்கப் போனார்கள். புரட்டாதிச் சனி. யோகராஜாவுக்கு ஏழரைச் சனி நடக்கிறது. மனிதர் விரதத்தில் இம்மியும் பிசகமாட்டார். ஆர்ச்வே முருகன் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, மத்தியானம் ஒரு மரத்தடியில் காகத்துக்குச் சோறு வைத்து, எல்லோரும் பார்க்க "கா, கா" என்று கூப்பிட்டு, அது வாய் வைத்த பிறகுதான் தான் வாய் வைத்தார். அதுவரை எல்லாம் நல்லபடி. சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, மகள் லக்‌ஷிகாவைக் கட்டக் கேட்டிருந்த நிரூபனோடு குளத்தடியில் வாய்த்தர்க்கம் வந்தது. "என்ர பிணத்தைத் தாண்டித்தான் அவளைக் கட்டுவாய்," என்று அவர் கத்தியது நாற்பது பேருக்கும் கேட்டது. நாலு மணிக்குக் கோச்சில் தலை எண்ணியபோது நாற்பத்தொன்று. குளக்கரையில் அவருடைய ஜக்கெட் கிடந்தது. நிரூபனின் முழங்கையில் கீறல் இருந்தது.

முள்ளில் கீறியது என்று நிரூபன் சொன்னதை அவனுடைய தாயாரைத் தவிர நம்பியது ஒரே ஒருத்திதான். லக்‌ஷிகா. "உன்ர ஆள்தான் அப்பாவைக் கொண்டுபோட்டான்," என்று தாய் நகுலேஸ்வரி அன்று பின்னேரமே சொல்ல, அப்போதே வீட்டை விட்டு வெளியேறி, நேரே கஜந்தினியிடம் வந்து அழுதாள். நிரூபன் இப்போது பெயிலில். இன்று பின்னேரம் நாலு மணிக்கு அவன் மறுபடி ஸ்டேசனுக்குப் போக வேண்டும். இந்த முறை உள்ளே போனால் வெளியே விடமாட்டார்கள் என்று லோயர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

காரில் ஏறியதும் கஜந்தினி கேட்டாள்.

"சொல்லும். என்ன மணத்தது?"

"மோர்மிளகாய். பொரிச்சு மூண்டு மணித்தியாலம் இராது. கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய். பயித்தங்காயும் எண்டு சந்தேகம், ஆனா கோட்டில சத்தியம் பண்ணமாட்டன்."

"அடுப்பு மூட்டாத வீட்டில."

"அப்ப அந்த மிளகாய் வெயிலில பொரிஞ்சிருக்கும். லண்டன் வெயில்தானே."

"பகிடி விடாதையும். விரதம் அவவுக்கில்லை, அவருக்கு. புருசன் செத்துப்போச்சு எண்டு நினைக்கிறவ விடியக் காலமை எழும்பி அவற்ற விரதச் சமையல் ஏன் சமைக்கிறா?"

"படைக்கிறதுக்கோ?"

"படைக்கிறதெண்டால் ஒளிச்சுச் சமைக்கத் தேவையில்லை. இண்டைக்குச் சாப்பாடு விடியவே எங்கயோ போயிட்டுது, லதீசன். அவவின்ர சப்பாத்தைக் கண்டனீரே? ஈரச் சேறு. அதில பழுத்த பன்ன இலை ஒட்டியிருக்கு. வாசலைத் தாண்டாத மனிசியின்ர சப்பாத்தில."

கோலியர்ஸ் வுட் நடைபாதையில் பன்னம், அந்தக் காட்டுப் பெரணி, முளைப்பதில்லை. ரிச்மண்ட் பார்க்கில் அது இடுப்பளவு வளர்ந்து, புரட்டாதியில் பழுத்துச் சருகாகிறது. இது லதீசனுக்கே தெரியும்.

"அப்ப மனுசன் உயிரோட பார்க்குக்குள்ள இருக்கிறாரோ?"

"பார்க்குக்குள்ள பொலிஸ் நாய் விட்டுத் தேடியாச்சு. எந்த வாசலாலயும் அவர் வெளிக்கிட்டதை ஒருத்தரும் காணேல்ல. ஆனா அவ பார்க்குக்குள்ளால நடந்துதான் சாப்பாடு கொண்டு போறா. அப்ப மதிலில எங்கயோ ஒரு தனிக்கதவு இருக்கோணும். மதிலுக்கு அங்கால ஒரு வீடு. அவர் வீடு திருத்துற ஆள். எந்த வீடு வெறுமையாக் கிடக்கெண்டு அவருக்குத் தெரியும்."

"நாளைக்கு அவவுக்குப் பின்னாலயே போகலாமே? கால் நோகாது."

"நாளைக்கு நிரூபன் உள்ளுக்க இருப்பான்." கஜந்தினி சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினாள். "மதில் எட்டு மைல். ஆனா இண்டைக்குச் சனி. பன்ரண்டு மணிக்கு அந்த மனுசன் எங்க இருந்தாலும் காகத்துக்கு வைக்காமல் ஒரு வாய் சாப்பிடாது. நாங்கள் மதிலோரம் நடப்பம். காகம் காட்டித் தரும்."

லதீசன் இந்தத் தொழிலில் கைரேகை பார்த்திருக்கிறான், பில் பார்த்திருக்கிறான். காகத்தைப் பார்த்துத் துப்புத் துலக்குவது இதுதான் முதல் தடவை.

ரோஹம்ப்டன் வாசலில் காரை விட்டுவிட்டு நடந்தார்கள். நல்ல நாள்தான். பச்சைக்கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறந்தன. கைத்தடியும் தேர்மோஸுமாக வெள்ளைக்காரச் சோடிகள் "லவ்லி டே" என்று சொல்லிப் போனார்கள். லதீசனும் ஒவ்வொருவருக்கும் "லவ்லி" என்றான். பதினோராவது லவ்லியில் அவனுக்குக் குதிக்கால் கொப்பளித்தது. மதில் முடிவதாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் செங்கல், மறுபக்கம் பன்னம், நடுவில் அவனுக்கு முன்னால் கஜந்தினியின் முதுகு. கதவு என்று கண்டதெல்லாம் பூட்டிக் கிடந்தது, துருப்பிடித்துக் கிடந்தது, முள்மூடிக் கிடந்தது. இவ்வளவு பெரிய வெளியில் நடக்கும்போதே ஒருவனுக்கு மூச்சு முட்டும் என்பதை அவன் அன்றுதான் அறிந்தான்.

கிங்ஸ்டன் பக்கத்துச் சரிவை அடைந்தபோது மணி பன்னிரண்டு பத்து. அங்கேதான் மான் வந்தது.

மான் என்றால் மருண்ட விழி, மெல்லிய கால் என்றெல்லாம் படித்து வளர்ந்தவன் லதீசன். இது வேறு சாதி. எருமையளவு உடம்பு, கொம்பில் பன்னத்தைக் கிளறி மாலை போட்டுக்கொண்டு, கழுத்து மயிர் நனைந்து, தொண்டையைத் திறந்து ஒரு சத்தம் விட்டது. பிணைமான் தேடும் பருவம். இந்த நாட்களில் ஐம்பது மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று வாசலில் பலகை இருந்தது. இவர்களுக்கும் மானுக்கும் இடையில் இருபது மீட்டர்தான். பின்னால் மதில்.

"ஏறும்," என்றாள் கஜந்தினி.

மதிலில் சாய்ந்து விழுந்து கிடந்த ஒரு பட்ட ஓக் மரத்தில் இருவரும் ஏறினார்கள். கொம்பன் மரத்தடிக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, அங்கேயே நின்றது. வலப்பக்கம் போனால் வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் காலை நீட்டினால் கொம்பைத் தாழ்த்தியது.

"பொலிசுக்குப் போன் அடிப்பமே?" என்றான் லதீசன்.

"அடிச்சு?"

"ரெண்டு தமிழரை ஒரு மான் பிடிச்சு வைச்சிருக்கெண்டு."

"நாலு மணிக்கு முதல் சிரிச்சு முடிக்கமாட்டாங்கள். பேசாமல் இரும்."

இருந்தார்கள். பன்னிரண்டு இருபது. லக்‌ஷிகாவிடமிருந்து மெசேஜ் வந்தது: 'அக்கா, ஏதாவது?' கஜந்தினி பதில் எழுதவில்லை. பன்னிரண்டு இருபத்தைந்து. லதீசனின் வலது கால் விறைத்தது. அடுத்த மெசேஜ் வந்தது: 'நிரூபன் ஷேட் அயன் பண்ணுறார். ஸ்டேசனுக்குப் போட.' லதீசனுக்கு முதல் தடவையாகப் பகிடி வரவில்லை. அந்தப் பெடியன் தன்னைப் பூட்டப் போகிறவர்களுக்கு முன்னால் சுருக்கமில்லாத ஷேட்டோடு நிற்க நினைக்கிறான்.

அந்த நேரம் மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டது.

"கா... கா... கா..."

ஆண் குரல். கரகரத்த, நடுத்தர வயதுக் குரல். இங்கிலாந்தில் காகத்தை அப்படிக் கூப்பிடக்கூடியவர் வேறு ஆர்?

லதீசன் கையை நீட்டினான். "குடுங்கோ கையை. கேஸ் முடிஞ்சுது."

கஜந்தினி கை கொடுத்தாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. ஆனால் ஐந்து நிமிடத்தில் அந்த மலர்ச்சி குறைந்தது. பத்து நிமிடத்தில் முழுதாகப் போய்விட்டது. குரல் நிற்கவில்லை. கொஞ்சம் ஓயும், மறுபடி தொடங்கும்.

"மேல ஏறிப் பாரும். என்ன தெரியுது?"

லதீசன் மரத்தின் நுனிவரை தவழ்ந்து மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "பெரிய வளவு. பெரிய வீடு. ஆக்கள் இல்லை. யன்னலெல்லாம் இரும்புத் தகடு அடிச்சுக் கிடக்கு. ஒரு தகட்டின்ர கீழ்மூலை மடங்கியிருக்கு. அதுக்குள்ளால ஒரு சோத்துக் கோப்பையைத் தள்ளி யன்னல் விளிம்பில வைச்சிருக்கு."

"சோறு கிடக்கோ?"

"ஒரு பருக்கை இல்லை. காகம் மதிலில இருந்து சொண்டு தீட்டுது. வயிறு நிறைஞ்சு ஏவறை விடாத குறை."

"அப்ப காகம் சாப்பிட்டுட்டுது."

"ஓம்."

"அப்ப ஏன் இன்னும் கூப்பிடுறார்?"

லதீசன் மறுபடி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"யோசியும்," என்றாள் கஜந்தினி. "ஒளிச்சிருக்கிற மனுசன் எண்டால் ஒருக்கால் கூப்பிடும், ரெண்டுதரம் கூப்பிடும், அதுவும் மெதுவா. காகம் தொட்ட உடன வாயை மூடிக்கொண்டு சாப்பிடப் போகும். இந்த மனுசன் தொண்டை கிழியக் கூப்பிடுது. கூப்பிடுறது காகத்தை இல்லை, லதீசன். இந்தச் சத்தம் ஏனெண்டு விளங்கக்கூடிய ஆரையாவது. வெள்ளைக்காரனுக்கு இது ஒரு விசர்ச் சத்தம். ஒரு தமிழாள் மதிலடியால போனாத்தான் நிண்டு பார்க்கும்." அவள் எழுந்து நின்றாள். "நாங்கள் ஒளிச்சிருக்கிற ஆளைத் தேடி வந்தம். இது அடைச்சு வைச்ச ஆள்."

தூரத்தில் இன்னொரு கொம்பன் சத்தமிட்டது. மரத்தடிக் கொம்பன் காதை விடைத்துத் திரும்பியது. ஆனால் கஜந்தினி கீழே இறங்கவில்லை. மதிலைத் தாண்டி வளவுக்குள் குதித்தாள். லதீசன் கடவுளை ஒருதரம் நினைத்துக்கொண்டு பின்னால் குதித்தான். அவனுடைய காற்சட்டை மதிலிலேயே கொஞ்சம் தங்கிவிட்டது.

உள்ளே நிலம் பள்ளம். திரும்பி ஏற முடியாத உயரத்தில் மதில் நின்றது. பார்க்குப் பக்கத்து மரக்கதவு பூட்டு. வீட்டின் பின்கதவும் இரும்பு. அதில் வெளிப்பக்கமாக லதீசனின் கைமுட்டி அளவில் ஒரு ஆமைப்பூட்டு. தெருப்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் பலகை அடைப்பு.

"நல்லது. இப்ப மூண்டு பேர்," என்றான் லதீசன்.

மடங்கிய தகட்டின் இடுக்கில் ஒரு கண்ணும், ஒரு வாரத் தாடியும் தெரிந்தன.

"தமிழோ?" என்றது தாடி.

"ஓம் அண்ணை. லக்‌ஷிகா அனுப்பின ஆக்கள். ஆர் உங்களைப் பூட்டினது?" என்று கேட்டாள் கஜந்தினி.

யோகராஜா இடுக்கோடு முகத்தை ஒட்டினார்.

"நான் ஒரு இரவுக்குத்தான் ஒளிச்சனான், தங்கச்சி. ஜக்கெட்டைக் குளத்தடியில போட்டுட்டு இஞ்ச வந்தன். இந்த வீட்டு வேலை என்ரதான், கதவுத் திறப்பும் என்னட்டத்தான். பிள்ளை ஒரு இரவு அழுதா மனம் மாறும் எண்டு நினைச்சன். மனிசிதான் சாப்பாடு கொண்டு வந்தா. அடுத்த நாள் பெடியனைப் பொலிஸ் பிடிச்சிட்டாங்கள் எண்டு இவ சொன்ன உடன நான் வெளிக்கிட்டனான், தங்கச்சி. சத்தியமா வெளிக்கிட்டனான். முகம் கழுவிப்போட்டு வாறதுக்குள்ள, போனையும் திறப்பையும் எடுத்துக்கொண்டு வெளியால பூட்டிப்போட்டா."

"ஆறு நாளா ஏன் கத்தேல்ல? ஹெல்ப் எண்டு கத்தினா ஒருத்தரும் வந்திருக்கமாட்டாங்களே?"

"கத்தினா பொலிஸ் வரும். பொலிஸ் வந்தா பேப்பரில வரும். நடைச் சங்கத் தலைவரை மனிசி பூட்டி வைச்சதெண்டு..." அவர் நிறுத்தினார். "தமிழாக்கள் கேட்டா, சத்தமில்லாமல் திறந்து விடுவினம் எண்டு பார்த்தன்."

லதீசனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்தியது. "அங்க ஒருத்தன் மறியலில அடைபடப் போக ஷேட் அயன் பண்ணுறான். நீங்கள் இஞ்ச இருந்து மானம் பார்த்திருக்கிறியள்."

"பிழைதான்," என்றார் யோகராஜா. "பிழைதான் தம்பி."

கஜந்தினி போனை எடுத்து லக்‌ஷிகாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, இடுக்குக்கு நேரே பிடித்தாள். அந்தப் பக்கமிருந்து "அப்பா" என்ற ஒரு சொல். பிறகு வெறும் அழுகை. பின்னால் ஒரு ஆண்குரல், "என்ன, என்ன?" என்று கேட்டது. அது நிரூபனாகத்தான் இருக்க வேண்டும்.

"மகள், நான் உயிரோடதான் இருக்கிறன். அவன் என்னைத் தொடக்கூட இல்லை. நான் வந்து பொலிசுக்குச் சொல்லுறன்."

பின்னால் மரக்கதவின் பூட்டில் திறப்பு திரும்பும் சத்தம் கேட்டது.

நகுலேஸ்வரி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். காலையில் கஜந்தினி ஏன் அந்த வாசலில் குரலை உயர்த்தினாள் என்பது லதீசனுக்கு இப்போது விளங்கியது: பயந்து திறப்போடு ஓடி வரட்டும் என்றுதான். நகுலேஸ்வரி இவர்களைக் கண்டாள், போனைக் கண்டாள், இடுக்கில் இருந்த கண்ணைக் கண்டாள். ஓடவில்லை. அந்தச் சேற்றுச் சப்பாத்தோடு அப்படியே நின்றாள்.

"நாலு மணி தாண்டினாப் பிறகு திறப்பம் எண்டுதான் இருந்தனான்," என்றாள்.

"நாலு மணி தாண்டினா அந்தப் பெடியன் உள்ளுக்க, அக்கா. அவன் உங்களுக்கு என்ன செய்தவன்?"

"ஒண்டும் செய்யேல்ல. நல்ல பெடியன்."

"அப்ப ஏன்?"

நகுலேஸ்வரி யன்னலைப் பார்க்கவில்லை. கஜந்தினியைப் பார்த்தே சொன்னாள். "அவன் உள்ளுக்க போனா கலியாணம் நிண்டுபோம் எண்டு பார்த்தன். அவள் கட்டிப் போனா அந்த வீட்டில ஆர் மிச்சம்? நானும் இவரும். கட்டி இருபத்தெட்டு வருசம், அவள் ஒருத்திதான் அந்த வீட்டில என்னோட கதைக்கிறவள். இவர் வருவார், சாப்பிடுவார், உப்புக் காணாது எண்டுவார். அவளும் போனா நான் என்ன செய்யிறது, தங்கச்சி? இவர் ஒளிச்ச அண்டு இரவு வீட்டில தனிய இருந்தன். ரீவியை நிப்பாட்டிப்போட்டு இருந்தன். அப்பதான் தெரிஞ்சுது, நான் எவ்வளவு களைச்சுப்போனன் எண்டு."

போனில் அழுகை நின்றிருந்தது. லதீசனுக்குச் சொல்ல நாலு பகிடி இருந்தது, நாலையும் விழுங்கினான்.

"அம்மா," என்றது போன். "கதவைத் திறவுங்கோ, அம்மா."

நகுலேஸ்வரி கோட்டுப் பையிலிருந்து திறப்பை எடுத்து ஆமைப்பூட்டைத் திறந்தாள். யோகராஜா சாரமும் பெயின்ட் பட்ட பெனியனுமாக வெளியே வந்தார். வெளிச்சத்துக்குக் கண் கூசி நின்றார். பார்க்குப் பக்கத்துக் கதவு திறந்தே கிடந்தது.

"அண்ணை, நேரமில்லை," என்றாள் கஜந்தினி. "நாலு மணிக்கு முதல் ஸ்டேசனில நிக்கோணும்."

அவர் தலையாட்டினார். மனைவியைப் பார்த்து, "இஞ்சேரும், வாருமன்," என்றார்.

"நீங்கள் போங்கோ," என்றாள் நகுலேஸ்வரி. "நான் கொஞ்சநேரம் இஞ்ச இருக்கிறன்."

சொல்லிவிட்டு அவள் அந்த இருட்டு வீட்டுக்குள் போனாள். இரும்புக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

யோகராஜா கதவடியில் போய் நின்றார். தட்டக் கை தூக்கி, தட்டாமல் இறக்கினார். கூப்பிட வாயெடுத்தார். இருபத்தெட்டு வருடமாக 'இஞ்சேரும்' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பது அவருக்கு அந்த இடத்தில்தான் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"நகுலேஸ்வரி," என்றார் கடைசியில்.

காகத்தைக் கூப்பிட்டு எஞ்சிய குரலில் அது சரியாக எழும்பவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. மணி ஒன்றே முக்கால் ஆகியிருந்தது.